கிரானைட் மேடை தொட்டால் மட்டும் ஏன் சில்லென்கிறது? வெப்பமானியில் மரமும் கல்லும் ஒன்றுதான்

நிழல்மரம் (கேள்வி)

சமையலறையில் 20 மி.மீ. கிரானைட் மேடை, அதை ஒட்டியே மரப்பலகை மேடை. இரண்டிலும் வெயில் படாது, அடுப்பும் பக்கத்தில் இல்லை. இரவு முழுக்க அறை 25 டிகிரியில் இருந்த பிறகு, பரப்பில் ஒட்டி அளக்கும் வெப்பமானியை வைத்தால் இரண்டும் 25தான் காட்டுகின்றன. கை வைத்தால் கல் சில்லென்கிறது, மரம் சும்மா இருக்கிறது.

"கல் வெப்பத்தை நன்றாகக் கடத்தும்" என்ற பதிலை எல்லா இடத்திலும் பார்த்தாயிற்று. கணக்கில் அது உதைக்கிறது. கிரானைட்டின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 2.8, மரத்துடையது சுமார் 0.15. கிட்டத்தட்ட 19 மடங்கு. ஆனால் கைக்கு 19 மடங்கு வித்தியாசம் தெரிவதில்லையே?

கூடவே இரண்டு நடைமுறைக் கேள்விகள். 20க்குப் பதில் 30 மி.மீ. கல் போட்டால் இன்னும் சில்லென்று இருக்குமா? மேடையின் ஒரு முனையில் முழங்கை ஊன்றி உட்காரும் இடம் வருகிறது, அங்கே சில்லிப்பைக் குறைக்கக் கல்லுக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டலாமா?

அளவுகோல்

கடத்துத்திறனை மட்டும் எடுத்ததால்தான் கணக்கு உதைக்கிறது. இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும்போது வேலை செய்யும் அளவு வேறு. கடத்துத்திறன், அடர்த்தி, தன்வெப்பம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். இதை எஃப்யூசிவிட்டி என்பார்கள். ஒரு பொருள் தன்னைத் தொட்டதிடமிருந்து எவ்வளவு வேகமாக வெப்பத்தை இழுக்கும் என்பதற்கான எண் அது. கடத்துத்திறன் மட்டும் அதிகமிருந்து, உள்ளே போகும் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளக் கனமில்லை என்றால் இழுவை சீக்கிரம் நின்றுவிடும். அதனால்தான் மூன்றும் சேர்ந்து வருகின்றன.

தோராய மதிப்புகள், சர்வதேச அலகில்:

தெர்மாகோல்: 35
மரம்: 400
தோல்: 1,200
கண்ணாடி: 1,450
கிரானைட், மார்பிள்: 2,400
ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: 7,750
அலுமினியம்: 24,000

தொட்ட கணத்தில் தோலும் பரப்பும் ஒரு நடு வெப்பநிலைக்கு வந்துவிடும். அந்த நடு எங்கே விழும் என்பதை இந்த எண்களின் விகிதம் முடிவு செய்கிறது. விரல் நுனி 33, கல் 25 என்று வையுங்கள்.

(1,200 × 33 + 2,400 × 25) ÷ 3,600 = 27.7 டிகிரி.

மரத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 31 வரும். தோலுக்குள் இருக்கும் குளிர் உணர்விகள் அறையின் 25 டிகிரியை ஒருபோதும் பார்ப்பதில்லை. கல்லைத் தொட்டால் 33லிருந்து 27.7க்குச் சட்டென்று இறங்குவதைப் பார்க்கின்றன, மரத்தைத் தொட்டால் 31 வரைக்கும்தான் இறங்குகிறது. அவை எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதற்கும் சேர்த்தே பதில் கொடுப்பதால் முதல் ஒன்றிரண்டு விநாடி மிகையாகத் தெரியும். அப்புறம் பழகிவிடும்.

இப்போது உங்கள் 19 மடங்குக்கு வருவோம். வெப்பம் கல்லுக்குள் போகும் முன் தோலுக்குள்ளிருந்து வெளியே வந்தாக வேண்டும். தோல் அப்படியொன்றும் நல்ல கடத்தி அல்ல. இரண்டின் எண்ணையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் உண்மையான இழுவை கிடைக்கும்: கல்லுக்கு 800, மரத்துக்கு 300. ஆக கை உணரும் வித்தியாசம் சுமார் 2.7 மடங்குதான். ஸ்டீலுக்குப் போட்டால் 1,040 வரும், அலுமினியத்துக்கு 1,140. எவ்வளவு நல்ல கடத்தியை வைத்தாலும் 1,200ஐத் தாண்ட முடியாது, ஏனென்றால் அது தோலின் சொந்த எண். தடித்த ஸ்டீல் கட்டியையும் அலுமினியக் கட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பிரித்துச் சொல்வது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்தக் கணக்கு முதல் சில விநாடிகளுக்கு மட்டும் பொருந்தும். அதற்குப் பிறகு ரத்த ஓட்டம் உள்ளே வரும், கல்லும் பக்கவாட்டில் வெப்பத்தைப் பரப்பும்.

தடிமன் கேள்வி: தொட்டவுடன் தெரியும் சில்லிப்பில் 20க்கும் 30க்கும் வித்தியாசமே இருக்காது. பத்து விநாடியில் வெப்பம் கிரானைட்டுக்குள் 4 மி.மீ. கூடப் போவதில்லை. அடிப்பக்கத்தை எட்ட 20 மி.மீ.க்குச் சுமார் 5 நிமிடம், 30 மி.மீ.க்கு 11 நிமிடம். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. கை அதற்கு முன்பே எடுபட்டிருக்கும்.

தெர்மாகோலுக்கும் இதே பதில்தான். அது இருக்கிற செய்தி மேல்பரப்புக்கு வந்து சேரவே ஐந்து நிமிடம் ஆகும். முழங்கை ஊன்றும் இடத்தில் வேலை செய்ய வேண்டுமானால் மேலே ஏதாவது வேண்டும். 3 மி.மீ. கார்க் விரிப்பு போதும். அதன் எண் 120 சொச்சம்தான், அதைத் தொட்டால் நடு வெப்பநிலை 32க்கு மேல் நிற்கும்.

சுடுகலன்

எண்ணெல்லாம் சரிங்க, ஆனா கல் நிஜமாவே குளிர்ச்சியா இருக்கிற நேரமும் உண்டு. "எல்லாம் தோற்றம்தான்"னு முடிச்சுட்டா அதுவும் தப்பு. காலையில அறை 24, பத்து மணிக்கு 28 ஆயிடுச்சுன்னா, அந்த நேரத்துல கல்லுல வெப்பமானி வச்சுப் பாருங்க, 28 இருக்காது. ஈரத்துணியால துடைச்சா இன்னும் இறங்கும்.

அளவுகோல்

சரிதான். கேள்வியில் அறை இரவு முழுக்க நிலையாக இருந்தது என்பதால் அதைத் தொடவில்லை.

ஒரு சதுர மீட்டர் 20 மி.மீ. கிரானைட் 53 கிலோ இருக்கும். அதை ஒரு டிகிரி ஏற்ற 42 கிலோஜூல் வேண்டும். அடியில் மூடிய அலமாரி இருந்தால் மேல்பக்கம் வழியாக மட்டும்தான் காற்றோடு பரிமாற்றம், அது டிகிரிக்குச் சதுர மீட்டருக்கு 8 வாட் அளவில் இருக்கும். அறையின் மாற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கல் எட்டிப்பிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. 30 மி.மீ. என்றால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். தடிமன் வேலை காட்டுவது இங்கேதான். தொடு உணர்வை அது மாற்றாது, அறை சூடேறும்போது கல் பின்தங்கி நிற்கும் நேரத்தை நீட்டும். அதே காரணத்தால் சமையல் முடிந்து அறை ஆறிய பிறகும் கல் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை.

ஈரத்துணி விஷயத்தில் கல்லின் மொத்த வெப்பநிலை இறங்குவது சொற்பம். சதுர மீட்டருக்கு 10 கிராம் நீர்ப்படலம் முழுக்க ஆவியானாலும் எடுத்துக்கொள்வது சுமார் 24 கிலோஜூல். அது முழுவதும் கல்லிடமிருந்தே போனால்கூட அரை டிகிரிக்குச் சற்று மேல். ஈரமான கல் அதைவிடக் கூடுதலாகச் சில்லென்று தெரிவதற்கு இன்னொரு காரணம் உண்டு. விரலின் ரேகைகளுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த காற்று இடுக்குகளை நீர் நிரப்பிவிடுகிறது. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

"தோற்றமா, நிஜமா" என்ற சந்தேகம் தீர வேண்டுமானால் பனிக்கட்டியைக் கேளுங்கள். ஒரே அச்சில் உறைந்த இரண்டு கட்டிகள், ஒன்று கல்லில், ஒன்று மரத்தில். கல் உண்மையில் குளிர்ந்ததாக இருந்தால் அதன்மேல் இருப்பது தாமதமாக உருக வேண்டும். கல்லில் இருப்பதுதான் முதலில் உருகும். கையிலிருந்து இழுக்கும் அதே வேகத்தில் பனிக்கட்டிக்குக் கொடுக்கவும் செய்கிறது. உருகும் நீரை இரண்டிலும் அவ்வப்போது துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் குட்டையில் மிதந்து முடிவு குழம்பும்.

பனிக்கரண்டி

வெண்ணெய் மாவும் சாக்லேட்டும் செய்கிறவர்களுக்கு இது பயன்படும் இடம் சொல்கிறேன். எல்லாரும் "மார்பிள்தான் வேண்டும்" என்பார்கள். மேலே உள்ள பட்டியலைப் பாருங்கள், கிரானைட்டும் மார்பிளும் ஒன்றுதான். மார்பிளில் எலுமிச்சை, வினிகர் பட்டால் பாலிஷ் போய்விடும், அது தனிக் கவலை.

தேய்க்கும் வெண்ணெய் மாவில் வெண்ணெய் 15 முதல் 18 டிகிரிக்குள் இருந்தால் வளையும், கசியாது. அறை 25 என்றால் கல்லும் 25தான். சில்லென்று இருக்கிறதே என்று நம்பி அதன்மேல் மாவைப் போட்டால், குளிர்பெட்டியிலிருந்து வந்த மாவைக் கல் மரத்தைவிட வேகமாகச் சூடாக்கும். பனிக்கட்டிச் சோதனை சொல்வதும் இதேதான். பலர் சறுக்குவது இங்கே. கல் உதவ வேண்டுமானால் கல்லை முதலில் குளிர வைக்க வேண்டும்.

அரை மீட்டருக்கு அரை மீட்டர் பரப்பை 25லிருந்து 17க்கு இறக்க 84 கிலோஜூல் எடுக்க வேண்டும். கணக்குப்படி கால் கிலோ பனிக்கட்டி போதும். நடைமுறையில் பக்கத்துக் கல்லிலிருந்து வெப்பம் ஓடி வந்துகொண்டே இருக்கும், ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த பையில் பனிக்கட்டியோடு ஒரு டம்ளர் தண்ணீரும் ஊற்றிக் கட்டுங்கள். வெறும் கட்டிகளாக இருந்தால் அங்கங்கே முனை மட்டும்தான் கல்லைத் தொடும். பையைப் பரப்பி 15 நிமிடம். நடுவில் ஒருமுறை இடம் மாற்றி வையுங்கள்.

17க்குக் கீழே போகாதீர்கள். 25 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 16.7. கல் அதற்குக் கீழே இறங்கினால் பரப்பு வியர்க்கும், மாவு ஒட்டும், ஒட்டுகிறதே என்று மேலே மாவு தூவுவீர்கள், பலகாரம் கடினமாகும். ஈரப்பதம் அதிகமான நாளில் வரம்பு இன்னும் மேலே போகும்: 30 டிகிரி, 70 சதவீதம் என்றால் 24. அன்றைக்குக் கல்லைக் குளிர வைக்கும் வேலையே வேண்டாம், மாவை அடிக்கடி குளிர்பெட்டிக்கு அனுப்புவதுதான் வழி.

சாக்லேட் பதப்படுத்துவதற்குக் கல் அருமையான இடம், ஏனென்றால் அங்கே 45 டிகிரிப் பொருள் வருகிறது, 25 டிகிரிக் கல் நிஜமாகவே குளிர்ந்தது. ஒரு கிலோ கருப்பு சாக்லேட்டை 45 முதல் 50க்கு உருக்கி, மூன்றில் இரண்டு பங்கைக் கல்லில் ஊற்றி, பரப்பிக் கூட்டி, 27 அல்லது 28க்கு வந்ததும் மீதியோடு சேர்த்து 31, 32க்குக் கொண்டுவர வேண்டும். கல்லில் ஊற்றிய பங்கு விடும் வெப்பம் தோராயமாக 20 கிலோஜூல். கால் சதுர மீட்டர் கல் அதை வாங்கி இரண்டு டிகிரி ஏறும். அடுத்த தவணையை அதே இடத்தில் போட்டால் இன்னும் இரண்டு. மூன்றாவது தவணை "ஏன் இறுகவே மாட்டேன் என்கிறது" என்று நிற்கிறவர்கள் சாக்லேட்டைக் குறை சொல்வார்கள். ஒவ்வொரு தவணைக்கும் கல்லில் இடம் மாற்றுங்கள்.

ஈஸ்ட் போட்ட மாவை மட்டும் கல்லில் ஊற விடாதீர்கள். அடிப்பக்கம் ஆறி, பொங்குவது மந்தமாகும். பிசைவது கல்லில், ஊறுவது மரத்தில் அல்லது மூடிய பாத்திரத்தில்.

சிற்றுளி

கல் வேலைப் பக்கத்திலிருந்து சில விஷயம்.

பாலிஷ் மேடையும் தோல் போன்ற சொரசொரப்பு விட்ட மேடையும் ஒரே கல்லாக இருந்தாலும் சொரசொரப்பானது கொஞ்சம் இதமாகத் தெரியும். விரல் மேடுகளில் மட்டும் தொடுகிறது, பள்ளங்களில் காற்று. முழங்கை ஊன்றும் இடத்துக்குக் கார்க் விரிக்கப் பிடிக்கவில்லை என்றால் இதுவும் ஒரு வழி, ஆனால் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். பிசுக்கு பள்ளத்தில் உட்காரும், துடைக்கும் வேலை கூடும்.

கறை பிடிக்காமல் ஊற விடும் சீலர் தொடு உணர்வை மாற்றாது, அது நுண்துளைக்குள் போய்விடும், மேலே படலம் நிற்காது. எபாக்சி ஊற்றினால் கதை வேறு. ஒன்றரை மி.மீ. எபாக்சி இருந்தால் முதல் இரண்டு விநாடியில் வெப்பம் அதைத் தாண்டிக் கல்லை எட்டவே எட்டாது, கை பிளாஸ்டிக்கைத்தான் தொடுகிறது. கல் போலத் தெரியும் அக்ரிலிக், லேமினேட் மேடைகளைக் கை வைத்தே சந்தேகப்படலாம் என்பதும் இதனால்தான். ஆனால் தொழிற்சாலையில் செய்யும் குவார்ட்ஸ் பலகையைக் கையால் பிரிக்க முடியாது. எடையில் 90 சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ் துகள்தான், கிட்டத்தட்ட இயற்கைக் கல் போலவே சில்லென்று இருக்கும். மீதியுள்ள பிசின்தான் சூட்டில் காட்டிக்கொடுக்கும். 150 டிகிரி அளவிலேயே மஞ்சள் தட்டவோ வெள்ளை வளையம் விழவோ செய்யும், அது போகாது.

கிரானைட் அந்தச் சூட்டுக்கு நிறம் மாறாது. அதற்காகக் கொதிக்கும் வாணலியை அடுப்புத் துளையின் மூலையில் வைக்காதீர்கள். சூடான இடம் விரிய நினைக்கும், சுற்றியுள்ள குளிர்ந்த கல் விடாது, அழுத்தம் மூலையில் குவியும். அடுப்புக்கு முன்னால் மிஞ்சும் குறுகிய பட்டையில்தான் விரிசல் ஆரம்பிக்கும். துளையின் உள்மூலைகளைச் செங்கோணமாக வெட்டாமல் வளைத்து வெட்டச் சொல்லுங்கள்.

இதைவிட அடிக்கடி நடப்பது, ஓவனிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை நேராகக் கல்லில் வைப்பது. கல்லுக்கு ஒன்றும் ஆகாது, கண்ணாடி வெடிக்கும். அடிப்பக்கத்தின் சூட்டைக் கல் உறிஞ்சுகிற வேகத்துக்குப் பக்கச் சுவர்கள் ஈடுகொடுக்க முடியாது. சாதாரணக் கண்ணாடி போரோசிலிக்கேட் கண்ணாடியைவிட மூன்று மடங்கு அளவில் சுருங்கி விரியும், அதற்கு ஆபத்து அதிகம். அடியில் மரப்பலகை அல்லது தடித்த காய்ந்த துணி போடுங்கள். ஈரத்துணி கூடாது, அது நேரடிக் கல்லைவிட மோசம்.

நிழல்மரம்

கார்க் பக்கம் மனம் போகிறது. இன்னொரு வழியும் கேட்கிறேன்: கல்லுக்கு அடியில் ஒட்டும் சூடேற்றும் விரிப்பு சரிவருமா?

அப்புறம் அகச்சிவப்பு வெப்பமானி வாங்கிச் சுட்டுப் பார்த்தால் கல் 25, மரம் 25, பக்கத்து ஸ்டீல் சிங்க் 29 காட்டுகிறது. சிங்க் மூன்றிலும் அதிகமாகச் சில்லென்று இருக்கிறது. எது பொய்?

சிற்றுளி

விரிப்பு சரிவரும், பொறுமை இருந்தால். சதுர மீட்டருக்கு 150 வாட் விரிப்பு என்றால், இழப்பே இல்லை என்று வைத்தாலும் 20 மி.மீ. கல்லில் ஒரு டிகிரி ஏற ஐந்து நிமிடம் பிடிக்கும். 25லிருந்து 31க்கு அரை மணி நேரத்துக்குக் குறையாது, இழப்பையும் சேர்த்தால் முக்கால் மணி. 30, 31ல் நிறுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். தோல் 33ல் இருக்கும்போது அதற்குமேல் ஏற்றுவது வீண். இங்கே உங்கள் தெர்மாகோலுக்கு வேலை கிடைக்கும்: விரிப்புக்குக் கீழே ஒட்டினால் வெப்பம் அலமாரிக்குள் போகாமல் மேலே வரும். முனையில் கல் தொங்கலாக நீண்டிருந்தால் தாங்கும் இரும்புக் கோணம் கல்லை நேராகத் தொட வேண்டும், தெர்மாகோலை நசுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது.

அளவுகோல்

சிங்க்கில் கருவிதான் தடுமாறுகிறது. அகச்சிவப்புக் கருவி பரப்பு உமிழும் கதிரை அளந்து, உமிழ்திறன் (பரப்பு எவ்வளவு நன்றாகக் கதிரை உமிழ்கிறது என்பதற்கான எண், முழுமை என்றால் 1) 0.95 என்று வைத்துக்கொண்டு வெப்பநிலையாக மாற்றுகிறது. கல்லும் மரமும் 0.9 அளவில் இருப்பதால் சரியாக வரும், பாலிஷ் போட்ட கல்லுக்கும் பயமில்லை. பளபளக்கும் ஸ்டீல் தானாக உமிழ்வது மிகக் குறைவு. அது பெரும்பாலும் எதிரே இருப்பதைப் பிரதிபலிக்கிறது. 29 என்பதில் உங்கள் முகம், கை, மேலே உள்ள விளக்கு எல்லாம் கலந்திருக்கும். சிங்க்கில் ஒரு துண்டு கருப்பு மின்காப்பு டேப் ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் தேய்த்து, ஐந்து நிமிடம் கழித்து டேப்பின் மேல் அளந்து பாருங்கள். 25 வரும்.

அளக்கும் தூரத்தையும் கவனியுங்கள். கருவியில் 12:1 என்று போட்டிருந்தால் 60 செ.மீ. தள்ளி நின்று அளக்கும்போது அது பார்ப்பது 5 செ.மீ. வட்டம், டேப்பைத் தாண்டி ஸ்டீலையும் சேர்த்துப் பார்க்கும். சாதாரண டேப்பின் அகலம் 2 செ.மீ. கூட இருக்காது, 10 செ.மீ.க்குள் நெருங்கி அளங்கள், முடிந்தால் இரண்டு மூன்று துண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டுங்கள்.

சிங்க் தகடு 1 மி.மீ. என்றால் கையை எடுக்காமல் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். முதலில் கல்லைவிடச் சில்லென்று இருக்கும், சீக்கிரமே உள்ளங்கைக்கு அடியில் வெதுவெதுப்பாகிவிடும். அந்தத் தகட்டை ஒரு டிகிரி ஏற்றச் சதுர மீட்டருக்கு 4 கிலோஜூல் போதும், கல்லுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு. தகட்டுக்குப் பின்னால் காற்று மட்டும் இருக்கும் இடமாகப் பார்த்துச் செய்யுங்கள், கீழே தண்ணீர்க் குழாய் ஒட்டியிருக்கும் இடம் என்றால் சில்லிப்பு போகாது.